மூட்டை விலை

எனக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். ஸ்வீட் கார்ன் விதையை மூட்டையாக எடுத்தால் விலை குறையுமாமே, எடுத்துவிடட்டுமா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

ஏக்கருக்கு 4 கிலோ வீதம் 6 கிலோ போதுமே. மிச்சத்தை என்ன செய்வீர்கள்? மருந்து கலந்த விதை, அவித்துக்கூடத் தின்ன முடியாது!

அடுத்த பருவத்துக்கு வைப்பதும் சரிவராது. சர்க்கரை மாவாக மாறாததால்தான் ஸ்வீட் கார்ன் விதை சுருங்கிக் கிடக்கிறது. மாவு குறைவென்றால் முளைக்குக் கட்டுச்சோறும் குறைவு; சாதாரண மக்காச்சோளத்தைவிடச் சீக்கிரமே முளைப்புத்திறன் போய்விடும். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து மூட்டை எடுத்து, இந்தப் பருவத்துக்கு மட்டும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைத் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று: பக்கத்து வயலில் தீவன மக்காச்சோளம் அதே வாரம் பூத்தால், காற்றில் வரும் மகரந்தமே உங்கள் கதிரின் இனிப்பைக் கெடுத்துவிடும். விதைக்கும் முன் அந்த வயல்காரரிடம் அவர் விதைக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.