எஸ்கேப் அமுக்கியும் எஸ்கேப் ஆக முடியவில்லையா?

கே: உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் திடீரென்று திரை முழுக்க விரிந்துகொண்டது. மேலே பட்டையைக் காணோம், மூடுகிற பெருக்கல் குறியையும் காணோம். எஸ்கேப்பைத் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது. (மதுரை வாசகர்)

ப: விரலுக்கு ஓய்வு கொடுங்கள். வீடியோவை விரித்துப் பார்க்கும்போதுதான் எஸ்கேப் காப்பாற்றும். எஃப்11 விரித்ததை எஃப்11தான் சுருக்கும். நீங்கள் தட்டவில்லை என்றால் கீபோர்டைத் துடைத்தவர் யார் என்று வீட்டில் விசாரியுங்கள். மவுஸைத் திரையின் உச்சிவரை கொண்டுபோனாலும் பட்டை இறங்கி வரும்.

கே: எஃப்11 அமுக்கினால் வெளிச்சம்தான் கூடுகிறது. (லேப்டாப் வாசகி, ஈரோடு)

ப: பிரச்சினை இன்னும் தெளிவாகத் தெரியுமே! பல லேப்டாப்களில் அந்த மேல்வரிசைக்கு ஒலி, ஒளி என்று வேறு உத்தியோகம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கீழே இடது ஓரத்தில் எஃப்என் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு எஃப்11 தட்டுங்கள்.

கே: ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொரு பொத்தானா? லிப்ரே ஆபீஸில் எஃப்11 தட்டினால் வேறு ஏதோ பெட்டி வருகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வழி கிடையாதா? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முழுத்திரையில் இரண்டு பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். 'எனக்கு மொத்த இடமும் வேண்டும்' என்று கேட்பது செயலி. 'சரி, எடுத்துக்கொள்' என்று விடுவது விண்டோ மேனேஜர். ஒருவர் குடித்தனக்காரர், மற்றவர் வீட்டு ஓனர். குடித்தனக்காரரிடம் அவரவர் பாஷையில்தான் பேச வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்கு எஃப்11, விஎல்சிக்கு வெறும் எஃப், லிப்ரே ஆபீஸ் ரைட்டருக்கு கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றும் சேர்ந்து.

அவர் மசியவில்லை என்றால் நேரே ஓனரிடம் போய்விடலாம். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருந்தால் ஆல்ட்டோடு எஃப்11. கேடிஇ என்றால் ஆல்ட்டோடு எஃப்3. ஒரு மெனு விழும், 'மோர் ஆக்‌ஷன்ஸ்' உள்ளே முழுத்திரை என்று இருக்கும், டிக்கை எடுத்துவிடுங்கள். க்னோம் ஓனர் கொஞ்சம் கமுக்கமான ஆள். வசதி இருக்கிறது, ஆனால் பொத்தான் ஒதுக்கவில்லை. செட்டிங்ஸில் கீபோர்ட், அதற்குள் ஷார்ட்கட்ஸ், அதற்குள் விண்டோஸ் என்று போனால் 'டாகிள் ஃபுல்ஸ்கிரீன் மோட்' என்று ஒரு வரி சும்மா கிடக்கும். அதற்கு நீங்களே ஒரு பொத்தானைக் கொடுங்கள். சூப்பரோடு எஃப்11 என் சிபாரிசு. செட்டிங்ஸுக்கே எப்படிப் போவது என்கிறீர்களா? சூப்பரைத் தனியாக ஒரு தட்டு. விண்டோக்கள் எல்லாம் சுருங்கி வரிசையில் நிற்கும், அங்கே செட்டிங்ஸைத் தேடித் திறந்துகொள்ளுங்கள். சூப்பர் என்றால் விண்டோஸ் முத்திரை குத்திய பொத்தான்தான். லினக்ஸ்காரர்கள் அதன் பெயரைச் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

கே: டாஸ்பாக்ஸில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா ஆடினேன். மூடித் திறந்தாலும், கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்தாலும் முழுத்திரையிலேயே வருகிறது.

ப: ரீஸ்டார்ட் செய்தால் மறந்துவிடும் என்று நினைத்தீர்கள். அது எழுதி வைத்திருக்கிறதே! இப்போதைக்கு ஆல்ட்டோடு என்டர் தட்டினால் சுருங்கும். நிரந்தரமாகத் தீர, உங்கள் ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோலோடு ஹெச் தட்டி மறைந்திருக்கும் ஃபோல்டர்களை வெளியே வரவழையுங்கள். டாஸ்பாக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் 'ஃபுல்ஸ்கிரீன்' என்ற வரியில் 'ட்ரூ' இருக்கும். 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். வேறு பல கேம்களும் இப்படித்தான். கான்ஃபிக் கோப்பைத் தொடாமல் கேமை அழித்து மறுபடி போடுவது வீண் வேலை.

கே: செயலி உறைந்தே போய்விட்டது. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. பவர் பொத்தானை அமுக்கிப் பிடிக்கலாமா?

ப: கொஞ்சம் பொறுங்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்துத் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று வந்து உங்கள் பெயரைக் கேட்கும். சொல்லுங்கள், பாஸ்வேர்டையும் கொடுங்கள். தட்டத் தட்ட ஒரு புள்ளிகூட விழாது. அதனால் கீபோர்டைச் சந்தேகிக்க வேண்டாம், அது அப்படித்தான். பிறகு பி-கில் என்ற கட்டளையும் செயலியின் பெயரும். (விஜய் படம் இல்லை, அழுத்திப் படியுங்கள்.) செயலி போய்விடும், சேமிக்காத வேலையும் கூடவே போகும். திரும்பி வர உபுண்டுவில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2. வேறு சிலவற்றில் எஃப்1 அல்லது எஃப்7.

கே: கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் போதுமே என்கிறார் என் சீனியர்.

ப: சீனியர் நிஜமாகவே சீனியர்தான். அது ஒரு விண்டோவை மட்டும் மூடாது. நீங்கள் திறந்து வைத்த அத்தனையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு லாகின் திரையில் கொண்டுபோய் நிறுத்தும். அதனால்தான் 2009-இல் வந்த உபுண்டு 9.04-லேயே அதை முடக்கிவிட்டார்கள்.

கே: டெர்மினலில் டபிள்யூஎம்சிடிஆர்எல் கட்டளை கொடுத்து முழுத்திரையை நீக்கலாம் என்று படித்தேன். எனக்கு வேலை செய்யவில்லை.

ப: நீங்கள் வேலாண்டில் இருப்பீர்கள். விண்டோக்களைத் திரையில் காட்டுகிற புதிய ஏற்பாடு அது. பழைய எக்ஸ்11-இல் யார் வேண்டுமானாலும் யாருடைய விண்டோவையும் அதட்டலாம். வேலாண்டு அதை அனுமதிப்பதில்லை. உபுண்டு 21.04 முதல் பெரும்பாலான கணினிகளில் வேலாண்டுதான். மேலே சொன்ன க்னோம் ஷார்ட்கட் இரண்டிலும் செல்லும்.

கே: மகன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அவன் ஊருக்குப் போன பிறகு பார்த்தால் திரை முழுக்க விண்டோஸ் ஓடுகிறது. லினக்ஸ் எங்கே போனது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: எங்கும் போகவில்லை சார், பின்னால் நிற்கிறது. மகன் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற செயலிக்குள் ஒரு விண்டோஸை வைத்து, அதை முழுத்திரையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வலப்பக்கக் கண்ட்ரோலோடு எஃப் தட்டுங்கள். இடப்பக்கக் கண்ட்ரோல் உதவாது, அது உள்ளே இருக்கிற விண்டோஸுக்குப் போய்விடும். வலப்பக்கத்துக்கும் அசையவில்லை என்றால் மகன் நிஜமாகவே விண்டோஸைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறார். போன் போட்டு விசாரியுங்கள்.