முழங்கால் இயல்

ஜவ்வு கிழிந்து, அறுவை கண்டு, மீண்டும் களம் புக எண்ணும் கபடி வீரனின் முழங்கால் நால்வகைப்படும். அவை வீங்குகால், நீளாக்கால், துள்ளுகால், அஞ்சுகால் என்பன. 'எப்பய்யா இறங்குற?' என்று டீக்கடையில் தினமும் விசாரிக்கப்படும் கால் ஐந்தாவது என்பாரும் உளர். அது காலின் வகையன்று, ஊரின் வகை, ஆதலின் விலக்கப்பட்டது.

வீங்குகாலுக்கு ஐஸ் பை அடையாளம். மூட்டில் நீர் நிற்கும்வரை தொடையின் முன்தசைக்கு நரம்பு முழு ஆணை விடாது. பல்லைக் கடித்து இறுக்கினாலும் தசை பாதிதான் எழும். இதைச் சோம்பல் என்று திட்டும் கோச்சுகள் உண்டு. அவர்க்குத் தனி இயல் எழுதவேண்டும்.

நீளாக்காலை மடங்காக்கால் என மயங்குவோர் மிகுதி. வீட்டார் கவலையெல்லாம் பையன் சம்மணம் போடுவானா என்பது. பிசியோவின் கவலையோ கால் ஸ்கேல் வைத்தாற்போல் நேராகுமா என்பது. மடக்கம் பையப் பைய வந்துவிடும். நீட்டத்தை முதல் வாரங்களில் தவறவிட்டால் மீட்பது பெரும்பாடு. எனவே சுருட்டிய துண்டு குதிகாலுக்கு அடியில் போகவேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை செருகும் அத்தையின் அன்பு இவ்விடத்து வழு.

துள்ளுகால் ஏறத்தாழ மூன்றாம் மாதம் தோன்றும். நான்கினுள் மிகக் கொடியது. வலியில்லை, வீக்கமில்லை, மாடிப்படி ஏறுகிறது. உள்ளே இருப்பதோ பழைய ஜவ்வு அன்று. தொடைப் பின்தசையிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்து, எலும்பில் துளையிட்டுக் கோத்த நாண். கோத்தபின் அது முதலில் நலிகிறது. பிறகு புது இரத்தக்குழாய்கள் ஊடுருவி, மாதக்கணக்கில் மெல்ல ஜவ்வின் குணம் பெறுகிறது. வலி அடங்கும் காலமும் நாண் நலிந்திருக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன.

அற்றேல், வலிக்காத காலோடு ஓடினால் என்ன எனின், நாண் நலிந்திருப்பதை வலி வந்து சொல்வதில்லை என்க. 2016-இல் வெளியான டெலவேர்–ஆஸ்லோ ஆய்வில், ஒன்பது மாதம்வரை களம் புகுவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. டீக்கடைக்கு வேறு மேற்கோள் வேண்டுமெனில் ரிஷப் பந்த் உண்டு: 2022 டிசம்பரில் கார் விபத்து, முழங்கால் ஜவ்வில் அறுவை, மறுபடி மட்டை பிடித்து ஆடியது 2024 மார்ச்சில்.

நாட்காட்டி மட்டும் போதாது, அளவை வேண்டும். அளவையாவது நொண்டி. சிறுவயதில் தெருவில் ஆடியதேதான். இப்போது டேப் பிடித்து அளப்பார்கள். ஒற்றைக்காலில் தாவி அதே காலில் ஆடாமல் நிற்கும் தூரம், மற்றக் காலின் தூரத்தில் 90 விழுக்காடாவது இருக்கவேண்டும். இதில் ஒரு கள்ளம் உண்டு. அந்த மற்றக் காலும் மாதக்கணக்கில் சும்மா கிடந்து மெலிந்ததே. இரண்டு நோஞ்சான்கள் சமமாக நின்றால் தேர்ச்சி என்று எழுதிவிடுவார்கள்.

அஞ்சுகால் எல்லா அளவையிலும் தேறும். ஆகவே அதைப் பயிற்சிக்கூடத்தில் காணமுடியாது, ரெய்டில்தான் காணலாம். போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றும் கால் எப்போதும் நல்ல காலாகவே இருக்கும். அறுவை கண்டது அந்தரத்தில் நிற்கும். எதிரணிக் கார்னர் இதை இரண்டாவது ரெய்டிலேயே படித்துவிடுவான்.