தாடைக்குக் காவல்

எங்கள் மாமா மாதிரி ஒருத்தர் கொரோனா காலத்தில் எல்லாத் தெருவிலும் இருந்தார். 2020 மார்ச் 24 சாயங்காலம் ஊர் அடங்கியதும் மாமாவுக்குள்ளிருந்த டாக்டர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். விருத்தாசலம் செராமிக் பட்டறையில் முப்பது வருஷமாக அச்சில் மண் கரைசல் ஊற்றுகிறவர். பள்ளிக்கூடத்தோடு சகவாசம் எட்டாவது வரைக்கும்தான்.

முதல் காரியமாக, சூளையில் கோணிப்போய் விலைபோகாத ஊறுகாய் ஜாடி ஒன்றைத் திண்ணையில் வைத்து அதில் கபசுரக் குடிநீரை ஊற்றினார். அதில் பதினைந்து சரக்கு. சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை என்று விரல் மடக்கிக்கொண்டே போவார், ஒன்பதில் நின்றுவிடுவார்.

"மிச்சம் ஆறு, மாமா?"

"ஒன்பதுன்னா அது நிலவேம்புக் குடிநீருடா. டெங்கு வந்தப்பவே குடிச்சது உடம்புல இருக்கு. சும்மா குடி."

கை கழுவுவதில் கண்டிப்பு அதிகம். வைரஸுக்கு மேலே கொழுப்பில் ஒரு போர்வை, சோப்பு அதைக் கரைத்துவிடும், அதற்கு இருபது விநாடி வேண்டும் என்று சரியாகத்தான் சொல்வார். தான் கழுவும்போது மட்டும், மரக்காலில் நெல் அளக்கிறவர் மாதிரி, ஒன்றுக்கு லாபம், அப்புறம் ரெண்டு, மூணு என்று ஒரே மூச்சில் இருபதைத் தொட்டுவிடுவார்.

மாஸ்க்கும் போட்டார். போட்ட இடம் தாடை. டீ குடிக்க, வெற்றிலை போட, "எல்லாரும் மாஸ்க் போடுங்கய்யா" என்று கத்த, எல்லாவற்றுக்கும் அதுதான் தோது. தும்மல் வந்தால் மாஸ்க்கை இன்னும் கீழே இழுத்துக்கொள்வார். நனைந்துவிடுமாம். தாடை வழியாக யாருக்கும் கொரோனா வந்ததாகத் தகவல் இல்லை. அந்த வகையில் அவர் எடுத்த பாதுகாப்பு முழு வெற்றி.

மே மாதம் சென்னை கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர்களால் எங்கள் கடலூர் மாவட்டத்துக் கொரோனா கணக்கு எகிறியது. மாமா தெருமுனையில் மூங்கில் கட்டிக் காவலுக்கு உட்கார்ந்தார். வருகிற லாரிக்காரரை எல்லாம் பக்கத்தில் கூப்பிட்டு, காதோடு காதாக, "எங்கேருந்து வர்றே?" என்று விசாரிப்பார்.

நடுவில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் கொரோனா மேல் புகார் எழுதி, பிராது கட்டக் கிளம்பினார். கோயில் பூட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கே பிராதுக்குத் தூரத்துக்குத் தகுந்தபடி காசு வைக்க வேண்டும். வூகானுக்குக் கணக்குப் பார்த்தால் மாமாவின் மாடு மிஞ்சியிருக்காது.

"ஆயிரத்து இருநூறு டிகிரி சூளை முன்னாடி நிக்கிறவனை வைரஸ் என்ன பண்ணும்?" என்பார். சூளைக்குள்ளே போய் உட்கார்ந்தால் வைரஸ் சாகும்தான், மாமாவும்தான் என்று அத்தை சொன்னாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

2021 செப்டம்பர் 12, மெகா தடுப்பூசி முகாம். காலை முதல் வரிசையை ஒழுங்குபடுத்தி, "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று கத்தியதில் மாமாவுக்குத் தொண்டை கட்டிப்போனது. தன் முறை வந்ததும் ஆளைக் காணோம். நர்ஸம்மா வாசலுக்கே வந்து, "பெரியப்பா, ஒரு எறும்புக் கடிதான்" என்று சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப்போனார். ஊசி போட்டதாக வந்த மெசேஜை மட்டும் ஒரு மாதம் எல்லாரிடமும் காட்டினார்.

2023 மே 5-ஆம் தேதிதான் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததென்று அறிவித்தது. மாமா முந்தின வருஷமே முடித்துவிட்டு, மாஸ்க்கைப் பட்டறை ஆணியில் மாட்டிவிட்டார்.

போன மாதம் பட்டறைக்குப் போனேன். காய்ந்த கோப்பைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தூசி கிளம்பி மீசை, புருவமெல்லாம் வெள்ளை. அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்து வராது, பதினைந்து சரக்கும் அதை அசைக்காது. முப்பது வருஷமாக மாஸ்க் தேவைப்பட்ட இடம் அதுதான்.

"மாமா, ஆணியில மாஸ்க் தொங்குதே?"

"கொரோனாதான் போயிடுச்சேடா!" என்றார், இருமிக்கொண்டே.