பிரிவாற்றாமை: ஹோஸ்டுக்கும் டார்கெட்டுக்கும் இடையே தொடர்பு அறுபடுதல் குறித்து ஓர் ஆய்வு

ஹோஸ்ட் என்பது நாம் உட்கார்ந்து தட்டும் கம்ப்யூட்டர். டார்கெட் என்பது மோட்டாரையோ வால்வையோ நொடிக்கு ஆயிரம் முறை, ஒருமுறைகூடக் கெடு தவறாமல் கவனிக்க வேண்டிய பெட்டி. நடுவே ஒரு கேபிள். திரையில் ‘தொடர்பு இல்லை’ என்று வந்தால் காணாமல் போனது டார்கெட்தான் என்பதே இதுவரை ஆன்றோர் கொண்ட முடிபு. அதை இக்கட்டுரை மறுக்கிறது. டார்கெட் இருந்த இடத்தில் இருக்கிறது. வழி தவறியது ஹோஸ்ட்.

நாஞ்சில் நாட்டில் இப்பிரிவுக்குக் காரணம் சொல்லும் மரபுகள் மூன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் இருப்போர் காற்று என்பர். புத்தளம் உப்பளத்தை அடுத்திருப்போர், உப்புக்காற்று ஜாக்கின் முனைகளை அரித்துவிட்டது என்பர். இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால் ஆய்வுலகம் இதைப் பொருட்படுத்துவதில்லை. மூன்றாவது, கடல்கோள் மரபு. முதற்சங்கம் 4,440 ஆண்டும் இடைச்சங்கம் 3,700 ஆண்டும் நடந்தன என்று இறையனார் களவியல் உரை கணக்குச் சொல்கிறது. நூல்கள் எங்கே என்று கேட்டால் கடல் கொண்டது. எதையும் தேடவேண்டியதில்லை என்பது இம்முறையின் தனிச்சிறப்பு. பதில் வராத பாக்கெட்டும் குமரிக்குத் தெற்கே மூழ்கியது என எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். எதிர்முனையைத் தட்டிப் பார்க்கும் விண்டோஸின் பிங் கட்டளை ஒரு பாக்கெட்டின் பதிலுக்கு 4,000 மில்லி நொடி காத்திருக்கும் என்பதை 4,440-க்கு அருகில் வைத்து, இரண்டும் ஒரே காலத்தவை என ஒருவர் நிறுவினாலும் வியப்பதற்கில்லை. அலகைப் பார்க்காமல் காலம் கணித்தோர் முன்பும் உண்டு.

நம் கொள்கைக்கு முதற்சான்று முப்பந்தல் காற்றாலைகள். காற்றாலைக்குள் இருக்கும் கன்ட்ரோலருக்கும் கண்காணிப்பு அறைக்கும் தொடர்பு அறுந்தால், காற்றாலை பொதுவாகத் திகைத்து நிற்பதில்லை. காற்று வரும் பக்கம் தலையைத் திருப்புகிறது. காற்று அளவு மீறினால் தானே நிறுத்திக்கொள்கிறது. அதைப் பொறுத்தவரை ஒன்றும் அறுபடவில்லை. பதறுவது அறையில் இருப்பவர். இரண்டாம் சான்று முன்னுரிமை வரிசை. ரியல்டைம் இயங்குதளத்தில் மோட்டாரைக் கவனிக்கும் லூப் மேல்படியில் இருக்கும், ஹோஸ்டுடன் பேசும் வேலை கீழ்ப்படியில். ஒரு மில்லி நொடிக்குள் முடிய வேண்டிய லூப்பில் ஒன்றரை மில்லி நொடி வேலையைத் திணித்தால், பிராசசர் லூப்பிலேயே கிடந்து உழலும். பேச்சுக்கு முறை வரவே வராது. கடமையில் மூழ்கிய டார்கெட்டைச் செத்துவிட்டதாக ஹோஸ்ட் அறிவிக்கிறது. லூப்பின் இடைவெளியைக் கூட்டினால் பிணம் பேசும்.

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரைக் காட்டி, டார்கெட்டும் தடுமாறியதே என மறுப்போர் உண்டு. அங்கே வானிலைக் கருவியின் கீழ்நிலை வேலை ஒன்று பொதுப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுநிலை வேலைகள் குறுக்கே புகுந்து அதை முடிக்கவிடவில்லை. பூட்டுக்குக் காத்திருந்த மேல்நிலை வேலை கெடு தவற, கம்ப்யூட்டர் தன்னையே ரீசெட் செய்துகொண்டது. பியூன் கையில் சாவி, பியூனை டீ வாங்க அனுப்பியவர் கிளார்க், வாசலில் தாசில்தார்: தாலுகா ஆபீஸ் வழக்கம்தான், தொலைந்துபோதல் ஆகாது. இன்னொரு மறுப்பு, நிலவில் இறங்கப் போன விக்ரம் லேண்டர். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில், 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் சரி, பிறகு தொடர்பு இல்லை என்று அறிவித்தவர் அப்போதைய இஸ்ரோ தலைவரும் நம் சரக்கல்விளைக்காரருமான சிவன். தொடர்பு போனதால்தான் விழுந்தது என்று டீக்கடைகள் தீர்ப்பு எழுதின. நிலவுக்குச் சிக்னல் போகவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். இங்கிருந்து பிரேக் போட முடியாது என்பதால் லேண்டர் தானாக இறங்கும்படிதான் செய்யப்பட்டிருந்தது. இறக்கத்தில் வேகக் குறைப்புக் கணக்கு பிசகியது என்பதே பின்னர் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விளக்கம். மௌனம் அங்கே விளைவு, காரணம் அன்று.

இனி வகைகள். கேபிள் கழன்றிருந்தால் மாட்டுக. ஹோஸ்டின் முகவரி 169.254 எனத் தொடங்கினால் அதற்கு முகவரி கொடுப்பார் யாருமில்லை என்று பொருள். லேப்டாப்பில் வைஃபை எரிந்துகொண்டிருந்தால், மென்பொருள் அந்த வழியாக டார்கெட்டைத் தேடக்கூடும், அணைக்க. பிங் போகிறது, மென்பொருளுக்கு மட்டும் பெட்டி தெரியவில்லை என்றால் ஃபயர்வாலைப் பார்க்க.

ஆய்வுக்கு உரிய பொருள் இவற்றில் எதுவும் இல்லை; நம் லேப் டார்கெட்டின் தலையில் ஒட்டிய ஸ்டிக்கர்தான். மார்க்கரில் 192.168.0.10 என்று எழுதி, அதைக் கோடிட்டு அடித்து, மேலே 192.168.1.10, ஓரத்தில் பென்சிலில் 17 என்றும் 11 என்றும் படிக்கத்தக்க ஓர் எண். இது மூலபாடச் சிக்கல். அடிக்கப்பட்டதே மூலம், ஏனையவை இடைச்செருகல் என்பர் ஒரு சாரார். பென்சில் குறிப்பு மாணாக்கர் வழி வந்த பழைய உரை என்பர் மறுசாரார். ஸ்டிக்கரின் கிழிந்த மூலையில் நான்காவது பாடம் ஒன்று இருந்து செல்லரித்ததாகவும், அதன் எச்சம் லேப் கரும்பலகையின் இடது ஓரத்தில் டஸ்டருக்குத் தப்பிய புள்ளியில் காணக்கிடப்பதாகவும், அப்புள்ளியும் ஓணம் லீவில் வெள்ளையடித்தபோது மறைந்ததாகவும் கர்ணபரம்பரைச் செய்தி. ஹோஸ்டின் முகவரி 192.168.1-இல் தொடங்க, டார்கெட் இன்னும் 0-விலேயே இருந்தால், மாஸ்க் 255.255.255.0 ஆக இருக்கும்வரை ஒன்றையொன்று அயலூராகவே கருதும். மூன்று எண்ணையும் தட்டிப் பார்க்க மூன்று நிமிடம் போதும். பதிப்பாசிரியர் எவரும் அதைச் செய்யார். செய்தால் முன்னுரைக்குச் சரக்கு இராது.

எஞ்சியது ரீஸ்டார்ட் சம்பிரதாயம். அடியார் கூட்டம் இதற்கே அதிகம். அணைத்துப் போட்டால் வேலை செய்கிறதே, பிறகு ஆராய்ச்சி எதற்கு என்பது அவர்கள் வாதம். மறுக்க இயலாதது. ஆனால் அணைத்த கையோடு தடயமும் போய்விடுகிறது. லூப் நிரம்பியதா, முகவரி மாறியதா என்பது தெரியாமலேயே அடுத்த வாரமும் அணைக்க வேண்டியிருக்கும். மேலும் அங்கே மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே சுவிட்சில் கை வைக்குமுன் ஜாக்கில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கரில் புது எண் எழுதுகிறவர்கள் தயவுசெய்து தேதியும் போடுங்கள்.