முன்பாரம் பின்பாரம்

ஏலே பேராண்டி, மொதல்ல அந்த அரத்தைக் கீழ வை. பொம்மை ஏரோப்ளேனோட கையகலத்து இன்ஜின், 6.5 சிசி. அது ஆடுதுன்னு கிராங்க்கைப் பிரிச்சு ராவப் போறியாக்கும்? செஞ்சவன் முட்டாள், நாமதான் கெட்டிக்காரன்னு கண்டுபிடிக்கத்தான் காலேஜுக்கு நாலு வருசம் பீஸு கட்டுனோம் போலருக்கு.

சோழபுரத்துல பாரவண்டி ஓட்டுனவன் யாரையாச்சும் கேளு. இப்ப மிஞ்சுனது நான்தான், என்னையே கேளு. முன்பாரமா ஏத்துனா நுகம் மாட்டுக் கழுத்தை அமுக்கும். பின்பாரமா ஏத்துனா நுகம் மேல கெளம்பி, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். ஒத்தைப் பிஸ்டன் பாடும் அதுதான். பிஸ்டன் மேலயும் கீழயும் போய்வருது, கிராங்க்ல இருக்கிற எதிர் எடை வட்டமாச் சுத்துது. பிஸ்டன் ஆட்டத்தை முழுசா அடக்குற அளவுக்கு எடை வச்சா, அதே ஆட்டம் பக்கவாட்டுல வந்து நிக்கும். அதான் சுத்துற சாமானுக்கு முழு எடை, போய்வர்ற சாமானுக்கு ஏறக்குறையப் பாதின்னு கணக்குப் பாத்து வெட்டியிருக்கான். மிச்ச ஆட்டம் மிச்சந்தான். கெணத்து மேட்டுல ஆயில் இன்ஜினைக் காங்கிரீட்டுல போல்ட்டுப் போட்டு உக்கார வச்சது அழகுக்கா?

உன் குத்தவாளி கிராங்க் இல்லலே, முன்னால இருக்கிற காத்தாடி.

திருவில்லிபுத்தூர் தேரு ஆடிப்பூரத்துக்கு ஆடி அசைஞ்சுதான் வரும். மெதுவாப் போறது ஆடுனா அழகு. உன் காத்தாடி நிமிசத்துக்கு 10,000 சுத்து. ஒரு பக்கத்து இறக்கையில, நடுவுலருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி 1 கிராம் கூடுதலா இருந்தா, அந்த வேகத்துல ஏறக்குறைய 11 கிலோ இழுப்பு இழுக்கும். உன் ஏரோப்ளேனே ரெண்டரைக் கிலோ! வேகம் ரெண்டு மடங்கானா இழுப்பு நாலு மடங்கு. 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில்லைத் தொடங்குனதுலருந்து ராசபாளையத்துக்காரனுக்கு இது தெரியும். நூல் சுத்துற கதிர் லேசா வளைஞ்சாலே நூல் அந்துக்கிட்டே கெடக்கும். நீ படிச்ச பொஸ்தகத்துல கதிர் வரலியோ?

ரெண்டு செங்கலை எடு. மேல ஆளுக்கொரு சவர பிளேடு, கூர் மேல பாக்க, ரசமட்டம் பாத்து நிறுத்து. காத்தாடி ஓட்டைக்குள்ள லொடலொடன்னு ஆடாத கம்பியாச் சொருகி பிளேடு மேல வை. எந்த இறக்கை தாழுதோ அதுதான் கனம். கனத்த இறக்கையை உப்புத்தாள் போட்டுத் தேய். தேய்க்கணும்ங்கேன், செதுக்கணும்னு சொல்லலை. இல்லாட்டி லேசான இறக்கைக்கு ரெண்டு கோட்டு வார்னிஷ் அடி. படுக்கையா நின்னுட்டுதுன்னு உடனே வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கெளம்பிராத. செங்குத்தா நிறுத்திப் பாரு. ஒரு பக்கமாச் சாஞ்சா நடுக் குமிழ்ல அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கம் ஒரு சொட்டுப் பசை வை. முக்காவாசிப் பேரு இதைப் பாக்கிறதே இல்லை. கீறல் விட்ட காத்தாடின்னா தராசுக்கே கொண்டு வராத, ஒடிச்சுப் போடு. சுத்தும்போது தெறிச்சா உன் விரலுக்கு எதிர் எடை எவன் வைக்க?

டாங்குல நுரை வருதுன்னியே, அந்தச் சங்கதியும் இந்த ஆட்டத்துல வந்ததுதான். இன்ஜின் நடுங்குனா டாங்குல எண்ணெய் நுரைக்கும், நுரை உள்ள போனா தீனி பத்தாமச் சூடேறி நிக்கும். நீயோ எண்ணெய் அளவு வைக்கிற ஊசியைத் திருகித் திருகி இன்ஜினைத் திட்டிக்கிட்டிருக்கே. டாங்கைச் சுத்தி ஸ்பாஞ்சு வை, இன்ஜின் மவுண்டு போல்ட்டை முறுக்கிப் பாரு.

சரி, காத்தாடியை எங்கிட்டக் குடு, நான் தேய்க்கேன். நீ பைக்கை எடுத்துக்கிட்டுத் திருவில்லிபுத்தூர் போயி கால் கிலோ பால்கோவா வாங்கிட்டு வா, எடை பாத்து வாங்கு. அரத்தை எதுக்குலே கொண்டுபோறே? இங்கயே வச்சிட்டுப் போ.