தூசியின் குடியிருப்பு உரிமை: ஜார்ஜ் டவுன் கணினிப் பெட்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பினாங்குத் தீவில் தூசிக்கு இடத்துக்கு ஒரு நீதி. 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைத் தொடங்கிய பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில், வடிகட்டிய காற்றுக்கு மட்டுமே அனுமதியுள்ள அறைகள் உண்டு. அத்தகைய அறையில் பிறந்த சில்லு ஜார்ஜ் டவுன் கடைவீட்டு மேசைக்கடியில் வந்து அமர்ந்ததும் சாம்பிராணிப் புகை, ஊதுபத்திச் சாம்பல், கடற்காற்றின் உப்பு, பூனை முடி எல்லாம் பெட்டிக்குள் குடியேறுகின்றன. இவற்றின் சட்டத் தகுதி என்ன? 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய வீடுகளில் இருந்தவர்களை எளிதில் எழுப்ப முடியாதபடி காத்தது. 1997இல் அதை நீக்கச் சட்டம் வந்தது. 2000 பிறந்தபோது பாதுகாப்பு முழுதும் முடிந்தது. கணினிப் பெட்டிக்குள் மட்டும் அது இன்னும் அமலில் இருக்கிறது என்பதே இவ்வாய்வின் துணிபு. குடியிருப்பவர் வாடகை தருவதில்லை. உரிமையாளரோ அவரை விட்டுவிட்டு, கட்டடம் பழசு என்று குறைபட்டு வேறு வாங்கப் புறப்படுகிறார்.

தர்க்க நூலார் புகையைக் கொண்டு நெருப்பை அறிவர். நாம் விசிறியின் இரைச்சலைக் கொண்டு தூசியை அறியலாம். பிராசசரின் சூட்டை ஹீட் சிங்க் தகடுகள் வாங்கிக்கொள்ள, விசிறி அதை வெளியே தள்ளுகிறது. தகடுகளின் இடுக்கில் தூசி கம்பளம் விரித்தால் காற்று நுழையாது; விசிறி கத்தும். பல இன்டெல் பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. அதைத் தொட்டதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே காலையில் சுறுசுறுப்பாகத் தொடங்கி அரை மணியில் தளரும் கணினிக்குப் பெரும்பாலும் சூடுதான் நோய், முதுமை அன்று.

'புதிய உறுப்பு வாங்கினால் தீராதா?' என்பர் பரபக்கத்தார். தீரும், நோய் வேறாக இருந்தால். பொத்தானை அழுத்தியது முதலே ஊர்கிற கணினிக்கு, சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினால் செலவழித்த வெள்ளிக்குப் பலன் உண்டு. பல நிரல்களை ஒருசேரத் திறக்கும்போது மட்டும் திணறினால் ரேம் கூட்டலாம். ஆனால் டிடிஆர்3 பள்ளத்தில் டிடிஆர்4 பட்டை நுழையாது, இரண்டுக்கும் வெட்டு வேறிடத்தில் இருக்கிறது. சூட்டில் தளரும் கணினிக்கு இவை எதுவும் மருந்தல்ல. 'திறந்தால் நிலைமின்சாரம் சில்லைக் கொல்லாதா?' என்பது அடுத்த தடை. நிலைமின்சாரம் வறண்ட காற்றில் செழிப்பது. பினாங்கின் ஈரக்காற்று அதற்கு ஒத்துவராது. குளிரூட்டிய அறையில் அந்தக் காப்பு குறையும் என்பதால் பெட்டியின் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டே கை வைக்க வேண்டும். 'உத்தரவாதம் போகுமே' என்பது நியாயமான தடை. ஒட்டுச்சீட்டை உடைக்க அஞ்சுவோர் கடைக்காரரிடமே கொடுத்துத் துடைக்கச் சொல்லலாம்.

வெளியேற்ற நடைமுறை எளிது. மின்கம்பியைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு காற்றை ஊத வேண்டும்; பிடிக்காவிட்டால் அது கட்டுமீறிச் சுழன்று பேரிங் கெடும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் பிரிக்கக் கூடாது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். திரை கறுத்து 'பீப்' ஒலி மட்டும் வந்தால் ரேமைக் கழற்றி அழுத்திச் செருகிப் பார்ப்பது முதல் வைத்தியம். சில மாதங்களில் தூசி திரும்பவும் குடியேறும் என்று சொல்லி இம்முறையை மறுப்போர், நாளையும் பசிக்கும் என்பதற்காக இன்று உண்ணாதிருக்க வேண்டியவர்கள். எனவே தீர்ப்பு இது: குடியிருப்பவரை ஒருமுறையாவது வெளியேற்றிப் பார்க்காத எவருக்கும் கட்டடத்தை இடித்துக் கட்டும் அனுமதி இல்லை.