வேப்பூரே ஆய்வுக்கூடம்

கேள்வி: பல்கலைக்கழக மருத்துவ ஆராய்ச்சியெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்குமா?
– வாசகர், அரியலூர்

பதில்: பக்கத்து மாவட்டத்துக்கே வந்து போயிருக்கிறது!

'அனைவருக்கும் நலவாழ்வு' முன்னோடித் திட்டத்தை 2017 வாக்கில் தமிழக அரசு மூன்று ஒன்றியங்களில் நடத்தியது: சூளகிரி, விராலிமலை, பெரம்பலூர் மாவட்டத்து வேப்பூர். தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை என்றிருந்த துணை சுகாதார நிலையங்களில் கூடுதல் செவிலியரை அமர்த்தினார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் அங்கேயே கிடைத்தன.

பலனை அளந்தவர்கள் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள். துணை நிலையங்களுக்கு நோயாளிகள் வரத்து கூடியது. அவர்களின் கைக்காசுச் செலவு நன்றாகக் குறைந்தது.

மாத்திரை பழையதுதான், தூரம்தான் குறைந்தது. வெங்காயக் காட்டில் அரைநாள் கூலியை விட்டு பஸ் ஏற வேண்டியிருந்தவர்களுக்கு அது பெரிய வைத்தியம்.